கிடாவிடம் கேட்ட உத்தரவு

நான் வயசுக்கு வந்தேனா, வரவில்லையா? இந்தக் கேள்விக்கு எனக்கே சரியாகப் பதில் தெரியாது. தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. "இதென்னடி கூத்து, உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?" என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எங்கள் வீட்டில் வந்து ஒரு மாதம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். அங்கே அது அம்மாவும் அப்பாவும் ஒரு செம்மறிக் கிடாவும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டிய விஷயமாக இருந்தது. என் முறை கடைசியில்தான் வரும்.

எங்கள் ஊர் கடத்தூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. மானாவாரி நிலம். மழை வந்தால் கேழ்வரகு, வராவிட்டால் வரப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சோறு போடுவது ஆட்டுப் பட்டி. அப்பா அதிகம் பேசமாட்டார். ஆடுகளிடம் மட்டும் நன்றாகப் பேசுவார். அவர் அம்மாவுக்குத் தாய்மாமன். அதனால் கல்யாணத்துக்கு முன்பும் அம்மாவுக்கு அவர் 'மாமா', பின்பும் 'மாமா', சண்டை போட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதும் 'மாமா'தான்.

ஒன்பதாவது படிக்கும்போதே என் வகுப்பில் எல்லாருக்கும் ஆகிவிட்டது. ஒவ்வொருத்தியாகப் பத்து நாள் பள்ளிக்கூடம் வரமாட்டாள். பிறகு முகத்தில் மஞ்சள் பூசி, காதில் புதுக் கம்மலோடு வந்து, என்னவோ கலெக்டர் ஆகிவிட்ட மாதிரி உட்காருவாள். நான் ஒரு வீட்டுச் சீர் விடாமல் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். "ஊரு சீரையெல்லாம் தின்னுட்டு வர்றா, இவளுக்கு எப்பதான் வெக்கறதோ" என்று அம்மா எனக்குக் கேட்கிற மாதிரியே முணுமுணுப்பாள். எனக்குக் கோபம் வரும். நான் என்ன, வேண்டுமென்றே ஒளித்து வைத்துக்கொண்டா இருக்கிறேன்?

அந்தச் சமயத்தில் பட்டியில் ஒரு ஆடு ரெட்டைக் குட்டி போட்டது. எங்கள் பக்கத்துச் செம்மறி ஈத்துக்கு ஒரு குட்டிதான் போடும். இந்த ஆடு மட்டும் முந்தின ஈத்திலும் ரெட்டை. இந்த முறை ஒன்று பெட்டை, ஒன்று கிடா. கிடாக்குட்டி நல்ல செவலை, நெஞ்சு அகலம். அப்பா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் குலசாமி முன்னால் நிறுத்தி, காதில் ஒரு கீறல் போட்டு, "பாப்பா வயசுக்கு வந்ததும் இத ஒனக்கு வெட்டறன் தாயி" என்று வேண்டிக்கொண்டு வந்தார்.

சாமிக்கு விட்ட கிடாவை விற்கக் கூடாது. காயடிக்கக் கூடாது. கோபத்தில் ஒரு குச்சியால்கூடத் தட்டக் கூடாது. நேரம் வரும்வரை அது இஷ்டத்துக்குத் திரியும். நேரம் என்பது என்னுடைய நேரம். அது வரவில்லை. நான் பத்தாவது முடித்தேன், பதினொன்றாவது போனேன், கிடா கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தது. இவ்வளவு நல்ல கிடா சும்மா நிற்கும்போது எதற்கு இன்னொன்றுக்குத் தீனி போடுவது என்று அப்பா பெட்டைகளோடு சேரவிட வைத்திருந்த பழைய பொலிகிடாவை விற்றுவிட்டார். சாமி கிடாவே பட்டிக்குப் பொலிகிடா ஆனது.

முதலில் எல்லாம் அமோகமாகத்தான் இருந்தது. அந்தக் கிடாவுக்குப் பிறந்த பெட்டைகள் வளர்ந்து, பாதிக்கு மேல் ரெட்டை ரெட்டையாகப் போட்டன. கம்பைநல்லூரிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா ஒற்றைக் குட்டி போடுகிற ஆடுகளை விற்றுவிட்டு ரெட்டை வம்சத்தை மட்டும் வைத்துக்கொண்டார். வந்தவர்களில் ஒருவர், "கெடாவ மாத்திருங்க. அப்பனுக்கே மகள வுட்டா நல்லா இருக்காது" என்றார். "சாமி கெடாவ எங்கீங்க மாத்தறது? ஆட்டுக்கு என்னா மொறை?" என்று அப்பா சிரித்தார். அம்மா டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்கு அடுத்த தலைமுறையில்தான் விவகாரம் ஆரம்பித்தது. ஈன்றிராத இளம்பெட்டையை எங்கள் வீட்டில் மறி என்போம். ஒரு வயதை ஒட்டி மறிகள் பருவத்துக்கு வந்துவிடும். கிடாவைச் சுற்றும், வாலை ஆட்டிக்கொண்டே நிற்கும், கத்தும். இந்த முறை பாதி மறிகள் அப்படி வந்தன. பாதி வரவில்லை. நன்றாகத் தின்றன, மினுமினுவென்று இருந்தன, கிடா பக்கத்தில் வந்தால் வழிவிட்டு நகர்ந்து மேய்ந்தன. கிடாவும் அவற்றை மோந்து பார்த்துவிட்டுச் சட்டை செய்யாமல் போனது. ஒரு வருஷம் போய் இன்னொரு வருஷமும் போனது. ஒன்றும் ஆகவில்லை.

வீட்டில் இரண்டு வைத்தியம் ஒரே நேரத்தில் நடந்தது. அப்பா மறிகளுக்குக் கொள்ளு அவித்துப் போட்டார், புண்ணாக்கு வைத்தார், உப்புக்கட்டி தொங்கவிட்டார். அம்மா எனக்கு உளுந்தங்களி கிண்டினாள், எள்ளுருண்டை பிடித்தாள், நாட்டுக்கோழி முட்டையை நல்லெண்ணெயில் அடித்துக் குடிக்கச் சொன்னாள். பட்டியில் அவை தின்பதும் அடுப்படியில் நான் தின்பதும் ஏறக்குறைய ஒரே நேரம். "எனக்கும் ஒரு உப்புக்கட்டி கட்டி வுட்ரும்மா, நக்கிக்கிட்டு இருக்கறன்" என்றேன். "வாயப் பாரு" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

ஆடுகளுக்குத் துள்ளுமாரி நோய் வராமலிருக்க ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மாவிடம்தான் அப்பா வாய் திறந்தார். நான் அப்போது பன்னிரண்டாவது முடித்து மூன்று வருஷமாக வீட்டில் இருந்தேன். டாக்டரம்மா மறிகளை ஒவ்வொன்றாகப் பிடிக்கச் சொல்லி மடியைத் தொட்டுப் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார். மடி என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

"இதுங்க எல்லாம் ரெட்டையில பொறந்ததுங்களாண்ணா?"

"ஆமாங்க மேடம். தாயும் ரெட்டை, கெடாவும் ரெட்டை" என்றார் அப்பா, பெருமையாக.

"எல்லாத்துக்கும் அப்பன் ஒரே கிடாவா?"

"ஒண்ணேதானுங்க. இதுங்களோட ஆத்தாளுங்களுக்கும் அதேதான் அப்பன்."

டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டு கிடாவைப் பார்த்தார். பிறகு சொன்னார். நான் புரிந்துகொண்டது இதுதான். குட்டிக்கு ஒவ்வொரு ஜீனும் தாயிடமிருந்து ஒன்று, கிடாவிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வரும். சினைப்பையில் முட்டை வளர்வதற்கென்று ஒரு ஜீன் இருக்கிறது. ஜோடியில் ஒன்று மட்டும் பழுதாக இருந்தால், ஒரு முட்டை வர வேண்டிய இடத்தில் இரண்டு முட்டை வந்துவிடும். அதனால்தான் ரெட்டைக் குட்டி. ஆனால் இரண்டுமே பழுதாக இருந்தால் முட்டையே வளராது. சினைப்பை நூல் மாதிரி கிடக்கும். பருவத்துக்கே வராது.

"எது நல்லதுன்னு நீங்க சேத்துக்கிட்டே வந்தீங்களோ, அதுவே ரெண்டு பங்கா சேந்துருச்சு போலண்ணா" என்றார். உடனே, "இது என் சந்தேகந்தான். ரத்தம் எடுத்து வெளியூரு லேபுக்கு அனுப்பிப் பாத்தாத்தான் உறுதி. ஆனா மொதல்ல கிடாவ மாத்துங்க" என்றும் சொன்னார்.

"அது முடியாதுங்க மேடம்."

"ஏன்?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மாவும் என்னைப் பார்த்தாள். அம்மாதான் சொன்னாள்: "இவ வயசுக்கு வந்தாத்தானுங்க மேடம் அத வெட்ட முடியும். வேண்டுதலு."

டாக்டரம்மாவும் என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எத்தனை பேர்தான் பார்ப்பார்கள்! பட்டியில் பாதி மறி மலடாகப் போவதற்கு நான் காரணம் என்ற மாதிரி அல்லவா ஆகிவிட்டது. நான் வந்தால் கிடா போகும், கிடா போனால் பட்டி தேறும். நான் வராததால் கிடா நிற்கிறது. அது நிற்பதால் மறிகளும் வரவில்லை. இதில் எது எதற்குக் காரணம் என்று யோசித்தால் தலை சுற்றியது.

அப்பா அந்த மறிகளைக் காட்டி, "அப்ப இதுங்க கறிக்குத்தான். வெச்சிருந்து என்னா பண்றது" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எந்த ஆட்டுக்காரனும் சொல்வதுதான். தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த நான் குடத்தை அப்படியே கீழே வைத்தேன். அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பிடித்திருந்த மறியை விட்டுவிட்டார்.

டாக்டரம்மா வண்டியில் ஏறும்போது அம்மா ஓடிப்போய், சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு கேட்டாள். "மேடம், இது ஆட்டுக்கு மட்டுந்தானுங்களா? நாங்களும் சொந்தத்துலயே கட்டிக்கிட்டவங்க."

"அம்மா, ஆட்டுக்குச் சொன்னத இவளுக்குப் போட்டுப் பாத்து மனசக் கெடுத்துக்காதீங்க. அது வேற, இது வேற. தர்மபுரிக்குக் கூட்டிட்டுப் போயி லேடி டாக்டருகிட்டக் காட்டுங்க. இவ்ளோ நாள் காட்டாம இருந்ததே தப்பு."

அது வேற, இது வேற. சரி. ஆனால் அம்மா அன்று இரவு சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பல நாள் அப்பாவை 'மாமா' என்று கூப்பிடவும் இல்லை. "ந்தா, சோறு போட்டாச்சு" என்பாள், அவ்வளவுதான். அவர் என்ன குற்றம் செய்தார்? அவள்தான் என்ன செய்தாள்? பெரியவர்கள் பேசிக் கட்டி வைத்தார்கள், கட்டிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் நான் யார் பக்கமும் பேசியிருக்க மாட்டேன். யாரும் கேட்கவில்லை.

தர்மபுரியில் ரத்தம் எடுத்தார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்து ஸ்கேன் எடுத்தார்கள். கண்ணாடி போட்ட பெரிய டாக்டர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "சினைப்பை ரொம்பச் சின்னதா இருக்கும்மா. வேலை செய்யல" என்றார். எதனால் என்று அம்மா கேட்டாள். சொந்தத்தில் கட்டியதாலா என்று கேட்டாள். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். பல காரணம் இருக்கு. நிறையப் பேருக்குக் காரணம் கண்டுபிடிக்கவே முடியறதில்ல" என்றார் டாக்டர். குழந்தை பிறக்குமா என்று அம்மா கேட்கவில்லை. நான் கேட்டேன். "தானா ஆகறது கஷ்டம். அதுக்கு இப்ப வேற வழியெல்லாம் இருக்கு, அப்பறம் பேசலாம். இப்ப உன் எலும்புக்கும் உடம்புக்கும் மாத்திரை வேணும். அத ஒழுங்காப் போட்டா மாசாமாசம் வரும்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. என்ன சொன்னார் என்பது உள்ளே இறங்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டு வந்தேன். அம்மா என்னைப் பார்த்துப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். "கல்லு மாதிரி இருக்காளே" என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்.

மாத்திரை போட்டேன். சில மாதம் கழித்து, டாக்டர் சொன்ன மாதிரியே, ஒரு நாள் காலையில் வந்தது.

அம்மா போட்ட கூச்சல் இருக்கிறதே! "மாமா! மாமா!" என்று பட்டி வரைக்கும் ஓடினாள். எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் எரிச்சல். "இது மாத்திரையில வந்ததும்மா. மாத்திரைய நிறுத்துனா நின்னுரும்" என்றேன். "எப்படி வந்தா என்னா, வந்தது வந்ததுதான். பச்சை ஓலையில குடிசை கட்டறோம், சீர் வெக்கறோம், கெடாவ வெட்டறோம்" என்றாள். அவளுக்கு எல்லாம் ஒரே நாளில் தீர்ந்துவிட வேண்டும். சீர் வைக்காத பெண்ணை ஊரில் என்ன பேசுவார்கள், நாளைக்கு யார் வந்து பெண் கேட்பார்கள் என்பதெல்லாம் அவள் தொண்டையில் பல வருஷமாக நின்றுகொண்டிருந்தது.

அப்பா என்னிடம் வந்தார். இதையெல்லாம் என்னிடம் பேசிப் பழக்கமில்லாத மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "பாப்பா, நீ சொல்லு. வந்துருச்சா, வல்லியா? சாமிகிட்டச் சொன்ன சொல்லு அது. பொய்யா ஆயிரக் கூடாது."

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். உண்மையாகவே தெரியவில்லை. வந்தது, ஆனால் என்னுடையதாக வரவில்லை. இதை என்னவென்று சொல்வது?

அடுத்த முறை தர்மபுரிக்குப் போனபோது டாக்டரிடமே கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "வந்ததாவே வெச்சிக்கோங்களேன்" என்றார். வெச்சிக்கோங்க என்றால் என்ன அர்த்தம்? அம்மாவுக்கு ஆமாம் என்று அர்த்தம், அப்பாவுக்கு இல்லை என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தும் அந்த ஒரு வார்த்தைக்குச் சண்டை போட்டார்கள். கடைசியில், சாமியையே கேட்டுவிடுவது என்று முடிவானது. கிடா உத்தரவு கொடுத்தால் எனக்குச் சீர். கொடுக்காவிட்டால் என்ன என்பதை யாரும் பேசவில்லை.

எங்கள் குலசாமி கோயில் அதியமான்கோட்டைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்பாவின் லோடு வண்டியில் கிடாவை ஏற்றிக்கொண்டு போனோம். வெட்டுவதற்கு முன்னால் கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது. உதறாமல் வெட்டக் கூடாது. அன்றைக்கு வேறு இரண்டு குடும்பமும் பொங்கல் வைக்க வந்திருந்தார்கள். எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

பூசாரி முதல் சொம்பை ஊற்றினார். கிடா கழுத்து மாலையிலிருந்த சாமந்தியைத் தின்றது. இரண்டாவது சொம்பு. மாலையில் மிச்சமிருந்ததையும் தின்றது. முதுகிலிருந்து தண்ணீர் ஒழுகி மண் சேறானது. அது அசையவில்லை. "நேரம் எடுக்கும், எடுக்கும்" என்று யாரோ சொன்னார்கள். நேரமும் எடுத்தது. பூசாரி வேப்பிலையைக் கீழே வைத்துவிட்டு, "மனசுல கொறை எதுனா இருந்தா வெளிய சொல்லிருங்க. மறைச்சா தாயி ஏத்துக்க மாட்டா" என்றார்.

அம்மா என் காதில், "மாத்தர விசயத்தச் சொல்லிரலாமாடி?" என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ கோபம். "ஏம்மா மெதுவாச் சொல்ற? மைக் வாங்கியாந்து தரட்டுமா?" என்று கத்தினேன். கத்திய கையோடு சாமியைப் பார்த்து, "மாத்தர போட்டுத்தான் வந்துச்சு. அது சேருமா சேராதா? சேராதுன்னா சேராதுன்னு சொல்லு. இப்புடி நிக்க வெச்சி உசுர வாங்காத!" என்றேன்.

ஒரு பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி மூன்றாவது சொம்பை, கொம்பிலிருந்து வால் வரை பார்த்துப் பார்த்து ஊற்றினார்.

எனக்குச் சாமி மேல் அப்படியொன்றும் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் அந்தக் கிடாவை நான் மனசுக்குள் கெஞ்சினேன். உதறித் தொலையேன், உனக்கு என்ன கேடு, ஒரே ஒரு தடவை உதறேன் என்று கெஞ்சினேன். உதறினால் அதன் கழுத்து போகும் என்பதுகூட ஞாபகம் வரவில்லை. அது என்னைப் பார்த்தபடி அசை போட்டுக்கொண்டு நின்றது. சொட்டச் சொட்ட நனைந்து, சிலை மாதிரி நின்றது. பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் நான் வயசுக்கு வரவில்லை என்று ஆகிவிட்டது.

அப்பா போய்க் கிடாவின் கயிற்றை அவிழ்த்தார். "போதுங்க" என்றார் பூசாரியிடம். "இன்னொரு சொம்பு ஊத்திப் பாக்கலாமே" என்றார் பூசாரி. "போதும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டு, கிடாவைத் தூக்கி வண்டியில் ஏற்றினார். "நாளைக்கே பட்டிக்கு வேற கெடா புடிச்சிக்கிட்டு வர்றன். இது தனியா ஒரு மூலையில கட்டிக் கெடக்கட்டும்."

நான் அப்படியே நின்றுவிட்டேன். அட, இவ்வளவுதானா? இதை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாமே! வெட்டாமல், விற்காமல், சும்மா தனியாகக் கட்டுவதற்கு எந்தச் சாமியின் உத்தரவு வேண்டும்? எங்கள் மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை. நான் வந்தால்தான் எல்லாம் நகரும் என்று மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

அம்மா முன்னால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக் கிடாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி பெரிய ரோட்டில் ஏறி, அதியமான்கோட்டைக் கடைகளைத் தாண்டும்போது நல்ல காற்று. கிடா காலை அகட்டி ஊன்றிக்கொண்டது. தலையிலிருந்து வால் வரை அப்படி ஒரு உதறு உதறியது. மஞ்சள் தண்ணீர் என் முகம், தாவணி, வண்டியின் கண்ணாடி எல்லாம் தெறித்தது. ஒரு தடவை இல்லை, விட்டு விட்டு மூன்று தடவை உதறியது.

அம்மா திரும்பிப் பார்த்துவிட்டு அலறினாள். "மாமா! ஒதறிருச்சு மாமா! உத்தரவு குடுத்துருச்சு! வண்டியத் திருப்புங்க!"

அப்பா வண்டியைத் திருப்பவில்லை. வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

"ஈரத்துக்கு ஒதறுது புள்ள. ஆட்டுகிட்டப் போயி நம்ம புள்ளயப் பத்தி என்னா கேக்கறது? அவ எப்புடி இருந்தாலும் அவதான். வுடு."

நான் கிடாவின் ஈரக் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். ஸ்கேன் அன்று வராதது, பஸ்ஸில் வராதது, கோயிலில் வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. அம்மா ஜன்னலில் தலையை நீட்டி, "எதுக்குடி இப்ப போயி அழுவற?" என்று கேட்டாள். எதற்கென்று எனக்கும் தெரியவில்லை.